ஒன்பதாவது கேள்வி

1

திங்கட்கிழமை காலை, சம்பளத் தாளோடு சேர்த்து அந்தப் படிவம் மறுபடியும் வந்தது.

நான் வேலை செய்வது ஒரு சலவைச் சாலையில். சுவிட்சர்லாந்தில், பேர்ன் நகரத்திலிருந்து ரயிலில் அரை மணித்தியாலம். மருத்துவமனைகளும் முதியோர் இல்லங்களும் அனுப்புகிற துணிகளைத் துவைத்து, காயவைத்து, மடித்துத் திருப்பி அனுப்புகிறோம். வருடத்துக்கு ஒருமுறை, பனி உருகத் தொடங்கும் நாட்களில், ஆளுக்கு நான்கு பக்கப் படிவம் ஒன்று தருவார்கள். உன்னைப் பற்றி நீயே மதிப்பிட்டு எழுது என்கிறார்கள். பதினான்கு கேள்விகள். ஒன்றிலிருந்து ஆறு வரை நமக்கு நாமே புள்ளி போட வேண்டும். ஆறு என்றால் மிக நன்று. நான்கு என்றால் தேறிவிட்டாய், அவ்வளவுதான்.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். இலங்கையில், மாத்தளை மலைப் பக்கம் எல்கடுவவில் இருக்கிற என் அக்காவிடம் முதல்தடவை தொலைபேசியில் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "நீயே பரீட்ச எழுதி நீயே திருத்திக்கிறதா? அந்த வசதி இஸ்கூல்ல இருந்திருந்தா நீ டாக்டரே ஆகியிருப்ப."

போன வருடம் இந்தப் படிவத்தின் ஒன்பதாவது கேள்விக்குக் கீழே எழுதப்பட்ட ஒரு வரியால், என்னோடு ஒரே மேசையில் நின்ற ஒருத்தி வேலையை இழந்தாள். அந்த வரியைச் சொன்னது நான். எழுதியது என் மகள். அதனால் என்ன நடந்தது என்பது மகளுக்குத் தெரியாது. ஒரு வருடமாக நான் சொல்லவில்லை.

2

நான் எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் அதை விட்டேனா என்று சரியாகச் சொல்ல முடியாது. பதினேழு வயதில் கொழுந்து மடுவத்தில் எட்டு மாதம் சாக்கு தூக்கினேன். மடுவம் என்பது பெண்கள் மலையில் எடுத்த கொழுந்தை நிறுக்கிற கொட்டகை.

அங்கே ஒரு பழக்கம். யாரும் தன் கொழுந்தைப் பற்றித் தானே பேச மாட்டார்கள். கூடை நிறைந்து கழுத்து பின்னால் சாய வந்தாலும், கேட்டால் "ஏதோ கெடைச்சுச்சு" என்பார்கள். கண்ணூறு பட்டுவிடும் என்பது ஒரு காரணம். ஒருத்தி அதிகமாக எடுத்துக் காட்டினால் அடுத்த மாதம் எல்லாருக்குமே எடுக்க வேண்டிய நிறையைக் கூட்டிவிடுவார்கள் என்பது இன்னொரு காரணம். பெருமை பேசுகிறவள் மற்றவர்கள் முதுகிலும் சேர்த்துச் சுமை ஏற்றுகிறாள். இதை யாரும் யாருக்கும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அக்காவோடு மலைக்குப் போனவர்களில் காளியம்மா என்று ஒருத்தி. வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற கத்தி பட்ட கை. எடுக்க வேண்டிய நிறையை எடுக்காவிட்டால் அரைப்பேர்தான் விழும், அதாவது அரைநாள் சம்பளம். காளியம்மாவுக்கு அரைப்பேர் விழுந்து நான் பார்த்ததில்லை. மலையிலிருந்து மடுவத்துக்கு இறங்கும் வழியில் ஒரு பாறைத் திருப்பம் இருந்தது. அங்கே பெண்கள் இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கை இறுக்கிக் கட்ட நிற்பதுபோல் நிற்பார்கள். ஒவ்வொருத்தியும் இரண்டு பிடி கொழுந்தைக் காளியம்மாவின் கூடையில் போடுவாள். போடும்போது பேச்சு வேறு எதைப் பற்றியாவது இருக்கும். காளியம்மா கீழே தெரிகிற ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். போட்டவள் சொல்லக்கூடாது. வாங்கினவள் நன்றி சொல்லக்கூடாது.

கணக்கப்பிள்ளைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒருநாள் தராசுக்குப் பக்கத்தில் என்னை நிறுத்திக் கேட்டார்.

"டேய், காளியம்மா கையப் பாத்தா பத்துக் கிலோ தேறாது. தராசு பதினெட்டுல நிக்குது. யாருடா போடுறா?"

"தெரியாதுங்க ஐயா."

"லயத்துல தும்முனாக்கூட ஒங்களுக்குத் தெரியும். இது தெரியாதா?"

"அவங்க இடது கையால நல்லா எடுப்பாங்கங்க."

பென்சிலால் என் மண்டையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு முழுப்பேர் எழுதினார்.

பிறகு நான் ஓரிடத்தில் நிற்கவில்லை. பலாபத்வலயில் வாசனைத் தோட்டம் ஒன்றில் வெள்ளைக்காரர்களுக்குக் கறுவாப் பட்டை உரித்துக் காட்டினேன். நாலந்தாப் பக்கம் ஒரு முதலாளியின் லொறியில் கிளீனராகத் திரிந்தேன். கொழும்பு, கட்டார், சைப்ரஸ். பலாபத்வல முதலாளி என்னைக் கெட்டிக்காரன் என்றார். அங்கே நான் கெட்டிக்காரனாக இருந்தேன். கட்டாரில் ஃபோர்மன் கழுதை என்றான். இரண்டு வருடம் கழுதையாக இருந்தேன். யார் எந்த எடை சொன்னார்களோ அதையே என் எடையாக எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனேன். இங்கே தமிழ்க் கடையில், "ஊரில எந்த இடம்?" என்று கேட்பார்கள். மாத்தளை என்பேன். "மாத்தளையில?" என்பார்கள். டவுன் பக்கம் என்பேன். டவுனுக்கும் எங்கள் லயத்துக்கும் இடையில் பஸ் ஏறி மலை ஏற வேண்டும். அதைச் சொன்னதில்லை.

3

இல்டா போர்த்துக்கல்காரி. போன வருடம் அவளுக்கு அறுபத்தொரு வயது. பதினான்கு வருடமாக அந்தச் சலவைச் சாலையில் இருந்தாள். நான் வந்தபோது மேசையில் நிற்கக் கற்றுக்கொடுத்தவள். இடுப்பை மேசையில் சாய்க்காதே, முழங்காலை விறைக்காதே, துணியைப் பார்க்காதே, கைக்குத் தெரியும் என்பாள். அவளுக்கும் எனக்கும் இருந்தது சலவைச் சாலை ஜெர்மன் மட்டும். வேலைக்குப் போதும், சண்டைக்குப் போதாது.

ஆனால் ஒரு சொல் இருந்தது. வந்த முதல் வாரத்தில் ஒருநாள், கீழே விழுந்த குளியல் துண்டு ஒன்றைக் காட்டி நான் என்னையறியாமல் "துவாய்" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்து "தொவாலியா?" என்றாள். அவர்கள் பாஷையிலும் அதுதான். அவர்களுடைய ஆட்கள் கப்பலில் வந்து எங்கள் வாயில் போட்டுவிட்டுப் போன சொல் என்று எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றிலிருந்து காலை ஆறரைக்கு அவள் "தொவாலியா!" என்று கத்துவாள். நான் "துவாய்!" என்று கத்துவேன். அதுதான் எங்கள் காலை வணக்கம். மேசை, அலுமாரி, சாவி என்று பிறகு கண்டுபிடித்தோம். ஒவ்வொன்றுக்கும் அவள் என் முதுகில் செல்லமாக ஒரு தட்டு வைப்பாள்.

மூன்று வருடங்களுக்கு முன் அவளுடைய வலது பெருவிரல் மூட்டு தேய்ந்துவிட்டது. மருத்துவர் ஊசி போட்டார். அவள் யாருக்கும் சொல்லவில்லை. மேசைக்கு மேலே இருக்கிற திரையில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே எண்ணிக்கைதான் ஓடும். நான் அவளுடைய வண்டியிலிருந்து ஒரு கட்டுத் துவாயை என் பக்கம் இழுத்துக்கொள்வேன். முதலில் ஒன்று, பிறகு இரண்டு. கடைசியில் பாதி. நான் இழுக்கும்போது அவள் ஜன்னலைப் பார்ப்பாள். எனக்கு அந்தப் பார்வை பழக்கம். நானும் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை. சில நாள் ஒரு தோடம்பழத்தை உரித்துப் பாதியை என் பக்கம் வைப்பாள், அவ்வளவுதான்.

4

ஒன்பது வருடமாக நான் அந்தப் படிவத்தில் எல்லாக் கட்டத்திலும் நான்கு போட்டேன். எழுத்தில் பதில் கேட்ட இடங்களை வெறுமையாக விட்டேன். ஒன்பது வருடமாக மணித்தியாலக் கூலியாகவே இருந்தேன். நிரந்தர வேலை இல்லாதவனுக்கு இங்கே வீடு கிடைப்பது கஷ்டம். வீட்டுப் படிவத்தில் "நிரந்தரமா?" என்று ஒரு கட்டம் உண்டு. விசா புதுப்பிக்கிற அலுவலகத்திலும் அதே கட்டம் உண்டு. ஒவ்வொரு தடவையும் அந்தக் கட்டத்தில் பேனா நிற்கும்.

என் மகள் அபிக்குப் போன வருடம் பதினேழு வயது. ஒரு அலுவலகத்தில் வேலை பழகுகிறாள்; கிழமையில் இரண்டு நாள் தொழிற்பள்ளி. அங்கே இந்தப் படிவங்களை எப்படி எழுதுவது என்று பாடமே இருக்கிறது. அவள் தமிழ் படித்தது சனிக்கிழமைப் பள்ளியில், யாழ்ப்பாணத்து ஆசிரியைகளிடம். என் பிள்ளை பேசுகிற தமிழ் என் தமிழ் இல்லை. அக்காகூடக் கேட்பாள், "ஒம்மக என்னடா, சம்பந்திவீட்டு ஆளு மாதிரி பேசுறா?"

ஒரு ஞாயிறு பின்னேரம். மனைவி பேக்கரி வேலைக்குப் போயிருந்தாள். அபி சமையலறை மேசையில் என் பழைய படிவங்களைப் பரப்பினாள்.

"நாலு, நாலு, நாலு. அப்பா, இது என்ன, டெலிபோன் நம்பரா?"

"தேறினா போதாதாம்மா?"

"இது தேறுறதுக்கு இல்லை. நீங்கள் ஆர் எண்டு அவைக்குக் காட்டுறதுக்கு."

"தெனமும் பாக்குறாங்களே. தெரியாதா?"

"சொல்லாட்டி ஒருத்தருக்கும் தெரியாது அப்பா."

ஐந்து, ஆறு என்று அவளே போட்டுக்கொண்டு வந்தாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. மற்றவன் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நிற்கிற மாதிரி. ஒன்பதாவது கேள்வியில் நின்றாள். உங்கள் கடமைக்கு மேலதிகமாக, குழுவுக்கு என்ன செய்கிறீர்கள்? ஓர் எடுத்துக்காட்டுத் தரவும்.

"சொல்லுங்கோ அப்பா."

"ஒன்னுமில்லம்மா."

"ஒண்டுமே இல்லையா?"

அவள் முகம் சற்றுச் சுருங்கியது. கேலி இல்லை, ஏமாற்றம். அதற்குச் சில மாதம் முன்பு, ரயிலில், அவளுடைய சிநேகிதி என்ன வேலை உன் அப்பாவுக்கு என்று கேட்க, அபி "துணி சம்பந்தமான தொழில்" என்று ஜெர்மனில் சொன்னது எனக்குக் கேட்டது. டவுன் பக்கம் என்று நான் சொல்கிற அதே குரல். அந்தக் குரலை நான்தான் அவளுக்குக் கொடுத்திருக்கிறேன்.

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

"பக்கத்துல நிக்கிற பொம்பளைக்குக் கை வலி. அவ துவாயில பாதிய நாந்தான் மடிக்கிறேன்."

"ஒவ்வொரு நாளுமா?"

"ரெண்டு வருசமா."

"ஒருத்தருக்கும் சொல்லேல்லையா?"

"சொல்ற விசயமா அது?"

"அப்பா!" என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் உயரத்து அலுமாரியிலிருந்து நான் எதையாவது எடுத்துக் கொடுக்கும்போது அப்படிப் பார்ப்பாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அந்தப் பார்வை. எனக்கு நன்றாக இருந்தது. இதை மறைக்காமல் எழுத வேண்டும்: மிகவும் நன்றாக இருந்தது. இன்னும் கேட்டாள், இன்னும் சொன்னேன். ஒரு நாளைக்கு எத்தனை கட்டு என்றுகூடச் சொன்னேன்.

அவள் அதை அழகான ஜெர்மனில் எழுதினாள். ஒரு பிரதியில் என் பெயரை மறைத்துத் தொழிற்பள்ளியில் பயிற்சியாகக் கொடுத்தாள். ஐந்தரைப் புள்ளி. ஒன்பதாவது பதிலுக்குப் பக்கத்தில் ஆசிரியர் சிவப்பு மையில் "சிறந்த எடுத்துக்காட்டு" என்று எழுதியிருந்தார். அபி அந்தத் தாளை நான்கு காந்தப் பொத்தான் வைத்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினாள்.

5

மேலாளர் என்னைக் கூப்பிட்டுக் கை கொடுத்தார். இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்றார். எனக்குப் புரிவதற்காக மெதுவாகச் சொன்னார். அப்போதுதான் பயம் வந்தது. "இல்டா நல்லவள். இல்டா முன்பு வேகம், மிக வேகம்" என்றேன். அவர் தலையாட்டி ஏதோ குறித்துக்கொண்டார். அது இரண்டு பேரும் சேர்ந்து செய்கிற வேலை, பிரித்து எடுக்க முடியாது என்று சொல்ல எனக்கு ஜெர்மன் வரவில்லை. தமிழிலாவது வந்திருக்குமா என்று சந்தேகம்தான்.

மூன்று கிழமையில் எனக்கு நிரந்தர ஒப்பந்தம் வந்தது. அதே கிழமை இல்டாவுக்குக் கடிதம் வந்தது. மேசைகளை மாற்றி அமைக்கிறோம், மூன்று மாத அறிவித்தலோடு உங்கள் வேலை முடிகிறது என்று. காரணத்தைக் கேட்டிருக்கிறாள். கூட நிற்பவன் எழுதியதைச் சொல்லியிருக்கிறார்கள்.

மறுநாள் காலை ஆறரைக்கு நான் வந்தேன். அவள் ஏற்கெனவே மேசையில் நின்றாள். "தொவாலியா" வரவில்லை. நான் "துவாய்" என்றேன். அவள் நிமிரவில்லை. பழக்கத்தில் அவளுடைய வண்டியிலிருந்து ஒரு கட்டை இழுக்கக் கை நீட்டினேன். அவள் வண்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம். இது என்னுடையது."

ஜெர்மனில் மூன்று சொல். சண்டைக்கு எங்களிடம் மொழி போதாது என்று நினைத்தேனே, அது போதுமாக இருந்தது.

மூன்று மாதம் அவள் தன் துவாய் முழுவதையும் தானே மடித்தாள். பெருவிரலில் பட்டையான பிளாஸ்டர் சுற்றியிருந்தது. வலி வரும்போது உதட்டைக் கடித்து, மடித்த துவாயின் மேல் கையை வைத்து ஒரு நிமிடம் நிற்பாள். திரையில் எண்ணிக்கை குறைந்தது. நான் என் கட்டை முடித்துவிட்டுச் சும்மா நின்றேன். ஒரு கை தூரம். கடைசி நாள் எல்லாரிடமும் இடது கையால் கை கொடுத்துவிட்டுப் போனாள். எனக்கும் கொடுத்தாள். கை சூடாக இருந்தது.

குளிர்பெட்டிக் கதவில் அந்தத் தாள் இருந்தது. பால் எடுக்கும்போது, தண்ணீர் எடுக்கும்போது, சிவப்பு மை கண்ணில் படும். அதைக் கழற்றினால் அபி ஏன் என்று கேட்பாள். அதனால் கழற்றவில்லை. புதிய வீட்டுக்கு மாறினோம். நிரந்தர வேலை இருந்ததால் கிடைத்த வீடு. அபி அந்தத் தாளையும் கொண்டுவந்து அதே குளிர்பெட்டியில் ஒட்டினாள்.

6

செவ்வாய்க்கிழமை அக்காவுக்கு அழைத்தேன். அங்கே மழை, தகரத்தில் விழுகிற சத்தம் கேட்டது. முதல்தடவையாக முழுவதும் சொன்னேன். அவள் நடுவில் பேசாமல் கேட்டாள்.

"எத்தன கட்டுன்னு கணக்கு வச்சிருந்தியா?" என்றாள்.

"தெரியும்க்கா."

"காளியம்மா கூடையில நாங்க போட்டது எவ்வளவு, எனக்கு மிச்சம் எவ்வளவுன்னு எனக்கு ஒருநாளும் தெரியாதுடா. எண்ணிப் போட்டா அது வேற மாதிரி ஆயிரும்." "அந்தப் பொம்பள இப்ப என்ன செய்யிறா?"

"தெரியல."

"போயிப் பாத்தியா?"

"இல்ல."

அக்கா சொன்னாள். "காளியம்மா சாகுற வரைக்கும் ஒன்னையக் கேப்பா. கணக்கப்பிள்ள கேட்டப்பவும் வாயத் தொறக்காத புள்ள, எங்கன இருந்தாலும் நல்லா இருக்கணும்னு சொல்லுவா. சரி, வையி. சோறு தின்னியா?"

தின்றேன் என்றேன்.

நேற்றுப் பின்னேரம் படிவத்தை நானே எழுத உட்கார்ந்தேன். பதின்மூன்று கட்டத்தில் நான்கு போட்டுவிட்டேன். ஒன்பதாவது மட்டும் காலி. அபி வேலை முடிந்து வந்து தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"திரும்பவும் டெலிபோன் நம்பரா? போன வருசம் எவ்வளவு வடிவா எழுதினனாங்கள்." குளிர்பெட்டியைக் கையால் காட்டினாள். "ஒன்பதுக்கு அதையே போடலாமே. இப்பவும் அவவுக்கு உதவி செய்யிறீங்கள்தானே?"

"அந்த அம்மா பேரு இல்டா" என்றேன்.

"ஆர்?"

தாளில் அவள் "சக பணியாளர் ஒருவர்" மட்டும்தான். நான் சொன்னேன். கடிதம் வந்தது, வண்டியை இழுத்துக்கொண்டது, பிளாஸ்டர், இடது கை. சொல்லும்போது அபி குளிர்பெட்டியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். நீங்கள் பொய் சொல்லவில்லையே, உண்மைதானே என்று கேட்பாள் என நினைத்தேன். அதற்கு ஒரு வருடமாகப் பதில் தயாரித்து வைத்திருந்தேன். அவள் அதைக் கேட்கவில்லை.

"அவ இப்ப எங்க?"

"தெரியாதும்மா."

கதிரையில் உட்கார்ந்தாள். அலுவலகத்துப் பையைக்கூட இறக்கவில்லை.

"அப்பா, நான் சந்தோசப்படோணும் எண்டுதானே அண்டைக்குச் சொன்னீங்கள்?"

"ஆமாம்மா."

"நான் ரயிலில உங்களைப் பற்றிச் சிநேகிதிக்குச் சொன்னது உங்களுக்குக் கேட்டதா?"

"கேட்டுச்சு."

அவள் எழுந்து தன் அறைக்குப் போனாள். கதவை மெதுவாகச் சாத்தினாள். அடித்துச் சாத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இன்று காலை பால் எடுக்கப் போனேன். கதவில் நான்கு காந்தப் பொத்தான்கள் மட்டும் இருந்தன. தாள் இருந்த இடம் மற்ற இடத்தைவிட வெள்ளையாகத் தெரிந்தது. படிவம் மேசையில் வைத்த இடத்திலேயே இருந்தது; அவள் அதைத் தொடவில்லை. ஒன்பதாவது கட்டம் இன்னும் காலி. வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும்.